கழிவு போக நிற்கும் விலை

ஜனவரி 6, திங்கள்

மகள் வாணியைக் கூட்டி வந்தாகிவிட்டது. ஏழாம் மாதம். உடுமலையில் வளைகாப்பு முடிந்து காரில் ஏறும்போது மணி மூன்று. ஏறுகிற வரைக்கும் சம்பந்தி ராக்கியப்பன் என் கையை விடவில்லை.

“மில்லு எப்படிப் போகுதுங் சம்பந்தி?”

“ஓடுதுங்க.”

இதையே மூன்று தடவை கேட்டார். மூன்று தடவை கேட்கிறவர் சும்மா கேட்கிறவர் இல்லை. அவருக்கு மக்காச்சோள மண்டி. எனக்கு நாமக்கல்லில் கோழித்தீவன மில். மாதம் ஐந்நூறு டன் சோளம் நான் வாங்குவது அவருக்குத் தெரியும். என்ன விலைக்கு வாங்குகிறேன் என்பதுதான் தெரியாது. நான்கு வருடமாக அதற்குத்தான் கையைப் பிடிக்கிறார்.

பெண் கொடுத்த வீட்டில் சரக்கு எடுப்பதில்லை என்று கல்யாணத்தன்றே முடிவு செய்துவிட்டேன். லோடு ஈரமாக வந்தால் கழிப்பேன். கழித்தால் அவர் முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்பு ராத்திரிச் சோற்றில் என் மகள் தட்டில் விழும். வேண்டாம்.

ஜனவரி 9, வியாழன்

பெல்லட் மெஷின் பெல்ட் அறுந்து நாலு மணி நேரம் நின்றது. சாக்குத் தைக்கிற நூல் இந்த முறை மட்டம். கடைவாய்ப் பல் வலி.

ஜனவரி 20, திங்கள்

வாணிக்கு வீட்டில் பொழுது போகவில்லை. மத்தியானம் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மில் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். கோயமுத்தூரில் கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவள். படிப்பு வீணாகப் போகிறதே என்று எனக்கும் உண்டு.

“அப்பா, ஒரு டன் தீவனத்துல எத்தனை சரக்கு போடறீங்க?”

“ஒம்பது.”

“எது எவ்வளவுன்னு யாரு முடிவு பண்றது?”

“நான்தான். வேற எவன்?”

“எப்படி?”

“எப்படின்னா? இருபத்தாறு வருசமாப் பண்றேன் கண்ணு. சைக்கிள்ல மூட்டை போட்டு வித்த காலத்துல இருந்து.”

அவள் சிரித்தாள். இதற்கு லீனியர் புரோகிராமிங் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். தீவனத்துக்கென்றே பிறந்த மாதிரிக் கணக்கு என்றாள். “புரதம் பதினேழு சதத்துக்குக் குறையக் கூடாது. நார் ஏழுக்கு மேல போகக் கூடாது. சுண்ணாம்பு இவ்வளவு வேணும். மொத்தம் ஆயிரம் கிலோ வரணும். இதெல்லாம் கட்டு. இத்தனை கட்டுக்கும் அடங்கி எந்தக் கலவைல செலவு குறைச்சலோ அதைக் கண்டுபிடிக்கணும். ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தா ஆயுசு போதாது. இது மூலை மூலையாப் போய்ப் பாத்துட்டு, எது மலிவோ அங்க நிக்கும்.”

வேலைக்கு ஆகும் போலத்தான் இருந்தது. எருமப்பட்டிப் பக்கம் ஏழு பெரிய பண்ணைக்காரர்கள் ஒன்று சேர்ந்து, ஒரு வருடத்துக்கு மாதம் நானூறு டன் தீவனம் ஒரே இடத்தில் எடுக்கப் போகிறார்கள். மார்ச் 5 கொட்டேஷன் கடைசி நாள். வெளியூர்க் கம்பெனி ஒன்றும் போடுகிறது. அந்த ஏழு பேரும் இப்போது என்னிடம்தான் வாங்குகிறார்கள். அது கைவிட்டுப் போனால் ராத்திரி ஷிப்ட்டை நிறுத்தி இருபத்திரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். டன்னுக்கு நூறு ரூபாய் குறைந்தாலும் எனக்குப் பெரிய விஷயம்.

“சரி, போட்டுப் பாரு” என்றேன்.

“ஒம்பது சரக்குக்கும் வாங்குற விலை வேணும்பா.”

வந்தது பார்.

ஜனவரி 23, வியாழன்

விலைப் பட்டியல் கொடுத்தேன். எட்டுச் சரக்குக்கு உள்ளது உள்ளபடி. மக்காச்சோளத்துக்குக் கிலோ 24.40 ரூபாய்.

பொய் இல்லை. பில்லில் இருப்பதைத்தான் சொன்னேன். மாதக் கடைசியில் புரோக்கர் ஈரக் கழிவு, மொத்தக் கழிவு என்று தனியாக ஒன்று கொடுப்பார். அது போக நிற்கிற விலை 22.70. அந்த விலை எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். பில் போடுகிற மானேஜர் தர்மலிங்கத்துக்கே தெரியாது. இந்தத் தொழிலில் நான் நிற்பதே அந்த ஒரு ரூபாய் எழுபது பைசாவில். அது மகள் காதில் விழுந்தால் மாப்பிள்ளை காதில் விழும். மாப்பிள்ளை காதில் விழுந்தால் மண்டியில் விழுந்த மாதிரி.

ஜனவரி 24, வெள்ளி

பல் பிடுங்கியாயிற்று. கஞ்சி.

பிப்ரவரி 3, திங்கள்

வாணி கணக்குப் போட்ட தாள் வந்தது. மக்காச்சோளம் 240 கிலோ. கம்பும் குருணையும் அள்ளி நிரப்பியிருக்கிறது. நான் போடுவது 550. தர்மலிங்கம் தாளைப் பார்த்துவிட்டு, “பாப்பா, இதைத் தின்னா கோழி முட்டை போடும்மா, ஆனா மஞ்சக் கரு வெள்ளைக் கருவாப் போயிரும்” என்றான்.

“அப்ப சோளம் நானூறுக்குக் குறையக் கூடாதுன்னு ஒரு கட்டுப் போடணும். சொன்னாத்தானுங்கண்ணா எனக்குத் தெரியும்?”

போட்டாள். இப்போது 400. அதற்கு மேல் ஒரு கிலோ ஏறவில்லை. “கட்டுல முட்டிக்கிட்டு நிக்குது. விட்டாக் கீழதான் போகும்” என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நான் கொடுத்த விலைக்கு அது சரியாகத்தான் சொல்கிறது. கம்ப்யூட்டருக்குக் கொடுத்ததைத்தான் தெரியும். ஆனால் இன்னொன்றும் தோன்றியது. சோளத்தைக் குறை என்று மண்டிக்காரர் மருமகளே சொல்கிறாளே, எதற்கு? வேறு எவனாவது கம்பு வியாபாரி மாப்பிள்ளைக்குச் சிநேகிதமா? விசாரிக்க வேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

மோர் குடித்துக்கொண்டிருந்தேன். வாணி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, உங்களுக்கு சோளம் இருபத்திநாலு நாப்பதுக்கு வரல.”

“பில்லைப் பாரு.”

“பாத்தேன். அந்த விலைக்கு நானூறுக்கு மேல போடறது நஷ்டம். நீங்க ஐந்நூத்தம்பது போடறீங்க, வருசக்கணக்கா. நீங்க ஏமாளி இல்ல. அதனால சோளத்து விலையை மட்டும் அஞ்சஞ்சு பைசாவாக் குறைச்சுக் குறைச்சுப் பாத்தேன். இருபத்திரண்டு தொண்ணூறுக்குக் கீழ வந்ததும் கலவை ஐந்நூத்தம்பதுக்குத் தாவிருச்சு. மத்த எட்டும் நீங்க போடற அதே அளவு.”

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அதுக்கப்புறம் எவ்வளவு குறைச்சாலும் ஐந்நூத்தம்பதை விட்டு நகரல. உங்க விலை இருபத்திரண்டு தொண்ணூறுக்குக் கீழதான். சரிங்களாப்பா?”

“லாரி வந்திருச்சு, எடை பாக்கணும்” என்று எழுந்து வந்துவிட்டேன். லாரி எதுவும் வரவில்லை.

யாரும் என் பெட்டியைத் திறக்கவில்லை. புரோக்கர் வாயைத் திறக்கவில்லை. என் கலவையே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இருபத்தாறு வருடமாக மூடி வைத்ததை ஒரு வாரத்தில், நாற்காலியை விட்டு எழாமல், வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி எடுத்துவிட்டாள். கெட்டிக்காரி. அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

காலை ஒன்பதே காலுக்கு ராக்கியப்பன் போன்.

“ஏனுங் சம்பந்தி, சோளம் நல்ல விலையில எடுக்கறீங்களாமே! எங்களுக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் குடுக்கறது?”

இரண்டே நாள்! “யாருங்க சொன்னாங்க?” என்றேன். “ஊருல பேசிக்கறாங்க” என்று சிரித்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

நல்லம்மாளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“ஏனுங்க, பெத்த புள்ளைய உளவாளிங்கறீங்களா?”

“புள்ளைதான். இப்ப அந்த வீட்டுக்காரி.”

“நானும்தான் முப்பது வருசமா இந்த வீட்டுக்காரி. எங்கப்பன்கிட்ட உங்க விலையச் சொன்னனா?”

“உனக்கு எங்கே தெரியும் விலை?”

“ஆமாங்க, அதுவும் நெசந்தான்” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். ரசத்தில் உப்பு இல்லை.

பிப்ரவரி 19, புதன்

வாணி தினமும் மாலை மாப்பிள்ளையோடு முக்கால் மணி நேரம் பேசுகிறாள். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் ஜன்னலோரம் நின்றேன். கால் வீக்கம், தொட்டில் கம்பு தேக்கா வேம்பா, அத்தை மூட்டுவலி. விலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் நிற்பது தெரிந்தும் இருக்கலாம். செடி அழுகிவிடும் போலிருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

இதற்கு ஒரே வழிதான். சந்தையில் எந்தத் தரகன் வாய் ஓட்டை என்று கண்டுபிடிக்க, ஒவ்வொருவனிடமும் ஒரு விலை சொல்லிவிடுவோம். எந்த விலை திரும்பி வருகிறதோ, அவன்தான்.

வாணியைக் கூப்பிட்டேன். “நீ சொன்னது சரி கண்ணு. மறைச்சது தப்பு. நெச விலை இருபத்தொண்ணு தொண்ணூறு.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இருபத்தொண்ணு தொண்ணூறா?”

“ஆமா.”

“சரிங்கப்பா. நீங்க சொல்றதைத்தான் நான் போட முடியும்.”

இனி உடுமலையிலிருந்து 21.90 என்று ஒரு குரல் வரட்டும். அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

ராக்கியப்பன் மருமகளைப் பார்க்க வந்தார். ஒரு கூடை மாதுளை. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது நானாகவே சோளத்துப் பேச்சை எடுத்தேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அசைவு இல்லை. மழை, லாரி வாடகை என்று எதையோ பேசிவிட்டுப் போனார்.

நான் நினைத்ததைவிடப் பெரிய வியாபாரி.

மார்ச் 3, திங்கள்

வாணி புதுத் தாள் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். 21.90க்குப் போட்ட கணக்கு. நான் அதைத் தொடவில்லை. கொட்டேஷனுக்கு என் சொந்தக் கணக்கு டிராயரில் தனியாக இருக்கிறது. நாளை மறுநாள் கடைசி நாள். நாளைக்கே அனுப்பிவிடலாம்.

மார்ச் 5, புதன்

பெண் குழந்தை. காலை 11.40. இரண்டு கிலோ எண்ணூறு. பத்து நாள் முந்திக்கொண்டாள். தாயும் பிள்ளையும் நலம்.

நேற்று மதியமே வலி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியாயிற்று. கையெழுத்துப் போடு, ரத்தம் ஏற்பாடு பண்ணு என்று இழுத்தடித்தார்கள். இன்று பதினொரு மணிக்கு வாணி உள்ளே கத்துவது வெளியே கேட்கிறது, அந்த நேரம் பார்த்துத் தர்மலிங்கம் போன். “அண்ணா, கொட்டேஷன் மூணு மணிக்குள்ள போகணுங்க. எந்த விலைங்க?” “தாள் மேசையில இருக்கு பாரு, முந்நூறு கூட்டிப் போட்டு அனுப்பிரு” என்று வைத்துவிட்டேன்.

நல்லம்மாள் ஜாடை என்கிறார்கள். காது என்னுடையது.

மார்ச் 10, திங்கள்

எருமப்பட்டி ஆர்டர் நமக்கு! மாதம் நானூறு டன், வருடம் முழுக்க. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மில்லில் எல்லோருக்கும் லட்டு. வெளியூர்க் கம்பெனியைவிட நாம் டன்னுக்கு நானூற்றுச் சொச்சம் குறைவாம்.

நானூற்றுச் சொச்சமா?

மாலை

டிராயரைத் திறந்தேன். என் தாள் அப்படியே இருக்கிறது. தர்மலிங்கம் எடுத்தது மேசை மேல் இருந்த தாள். நான் சொன்னதும் மேசை என்றுதான். 21.90 தாள். கிலோவுக்கு எண்பது பைசா பொய், டன்னுக்கு 550 கிலோ. 440 ரூபாய். லாபம் முந்நூறு போக, ஒவ்வொரு டன்னுக்கும் நூற்று நாற்பது ரூபாய் கைநஷ்டம். வருடத்துக்கு ஆறே முக்கால் லட்சம். பின்வாங்கினால் ஏழு பண்ணையும் இனி என் படி ஏறாது.

லட்டு நன்றாக இருந்தது என்று தர்மலிங்கம் சொன்னான்.

மார்ச் 11, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

வாணியிடம் சொன்னேன். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். 21.90 எதற்காகச் சொன்னேன் என்பதையும்.

அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். இல்லை.

“அது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்பா. அந்த விலைக்கு எந்த மண்டியிலயும் சோளம் இல்ல.”

“தெரிஞ்சு ஏன் கம்முனு இருந்தே?”

“உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அப்ப அவங்க மண்டி வாங்குற விலையச் சொல்லணும். ரெண்டு வருசமா அந்தக் கணக்கை நான்தான் எழுதறேன்.”

எனக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

“உங்க விலைய மாமாகிட்டச் சொல்லல. மாமா விலைய உங்ககிட்டச் சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன்.”

“அப்ப நல்ல விலையில எடுக்கறீங்களாமேன்னு அவரு போன் பண்ணினது?”

“எல்லா மில்லுக்காரங்களுக்கும் மாசம் ஒருக்கா அதையேதான் சொல்லுவாரு. வாயைக் கிளறிப் பாக்கறது. நீங்கதான் நம்பியிருக்கீங்க.”

ராக்கியப்பன் தன் மண்டிக் கணக்கையே இவள் கையில் கொடுத்திருக்கிறார். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

இன்று உண்மை. சோளம் 22.70. வாய்விட்டுச் சொன்னேன். நல்லம்மாள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். எழுந்து போகச் சொல்லவில்லை.

“வேற ஏதாவது மறைச்சு வெச்சிருக்கீங்களாப்பா?”

இருந்தது. ஜவ்வரிசி ஆலையில் கிழங்கைப் பிழிந்தபின் மிஞ்சுகிற திப்பி. மாட்டுத் தீவனத்துக்கு மட்டும் போடுவேன். எங்கிருந்து, என்ன விலைக்கு என்று யாருக்கும் தெரியாது. அதையும் சொன்னேன். முப்பது கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது என்று கட்டுப் போட்டு, கோழித் தீவனத்தில் சேர்த்தாள். நஷ்டம் நூற்று நாற்பதிலிருந்து எண்பத்தைந்துக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. புரதத்தை ஆட்டிப் பார்த்தாள், நாரை ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் நகரவில்லை.

“ஒவ்வொரு கட்டும் நமக்கு எவ்வளவு செலவு வைக்குதுன்னு இது சொல்லும்பா. இதுல பெருசா இழுக்கறது ஒண்ணும் இல்ல.” கம்ப்யூட்டரை மூடினாள். “தாள்ல எழுதாத கட்டு ஒண்ணு இருக்கு. சம்பந்தி வீட்டுல வாங்கறதில்லங்கறது. அதோட செலவு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.”

“உனக்காகத்தான் அந்தக் கட்டு.”

“என்னை யாருப்பா கேட்டீங்க?”

மார்ச் 14, வெள்ளி

ராக்கியப்பனுக்கு நானே போன் செய்தேன். விலை கேட்கவில்லை. முதலில் என் விலையைச் சொன்னேன்.

“எனக்கு சோளம் கழிவெல்லாம் போக இருபத்திரண்டு எழுபதுக்கு நிக்குதுங் சம்பந்தி.”



“நெச விலையச் சொல்லுங் சம்பந்தி” என்றார்.

“அதுதானுங்க இது.”

“எங்கிட்டயேவா?”

கழிவுக் கணக்கை ஆதியோடந்தமாகச் சொன்னேன். புரோக்கர் பெயர் தவிர எல்லாம். கேட்டுக்கொண்டார். “குழந்தையைப் பாக்க நாளைக்கு வர்றனுங்க” என்று மட்டும் சொல்லி வைத்தார். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மார்ச் 15, சனி

பதினொரு மணிக்கு வந்தார். பேத்திக்கு இடுப்புக் கொடி. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். காபி ஆறிப்போகிற வரைக்கும் குழந்தையின் விரலையே எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

“பன்னண்டு சதம் ஈரம். உங்க மில்லுல இறக்கி இருபத்திரண்டு நாப்பது. இதுக்குக் கீழ எனக்கு நிக்காதுங்க.”

நிற்குமா நிற்காதா என்று தெரிந்த ஒரே ஆள் இரண்டடி தள்ளிக் கட்டிலில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஒரு நொடி பார்த்தால் போதும். இருபத்தாறு வருடமாக முகம் பார்த்து விலை படித்தவன் நான், பைசா சுத்தமாகத் தெரிந்துவிடும்.

“போடு கண்ணு, இருபத்திரண்டு நாப்பது” என்றேன். காலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ராக்கியப்பனும் மருமகள் பக்கம் திரும்பவில்லை, குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போடறதுக்கு முன்னாடி இன்னொரு கட்டு இருக்கு” என்றாள். “ஈரத்துக்கோ எடைக்கோ சண்டை வந்தா நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கணும். எம் மூலமா ஒரு வார்த்தை போகக் கூடாது, வரக் கூடாது. ரெண்டு பேரும் சரிங்கணும்.”

“சரிங்” என்றார் அவர். “சரி” என்றேன் நான்.

அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. குழந்தை கொட்டாவி விட்டது.

“டன்னுக்கு எண்பது ரூபா லாபம் நிக்குதுங்கப்பா.”

அப்போதும் நான் திரும்பவில்லை.